பழைய கார் கண்காட்சியில் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிசளிப்பு முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் யாராவது ஒருவர் நடுவரைத் தேடி வருவார். "என் வண்டிதானே அதைவிடப் பளபளன்னு இருந்துச்சு? அப்புறம் எப்படி அதுக்குப் பரிசு போச்சு?" அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வருடக்கணக்கில் உழைத்திருக்கிறார், கையிருப்பைக் கரைத்திருக்கிறார். மதிப்பெண் போடும் முறையை மட்டும் யாரும் அவருக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. நான் முதலில் வண்டிக்காரனாகப் போய் நின்றேன். பிறகு நடுவர்களின் பின்னால் அட்டையும் பேனாவுமாகக் குறிப்பெழுதிக்கொண்டு நடந்தேன். இப்போது நடுவராக நிற்கிறேன். இந்த மூன்று இடங்களிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எல்லாக் கண்காட்சியிலும் ஒரே விதிதானா?

இல்லை. பெரும்பாலான ஏமாற்றங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் போவதால்தான் வருகின்றன.

சில இடங்களில் வந்தவர்கள் எல்லோரும் சீட்டில் எழுதிப் போடுவார்கள்; அதிக ஓட்டு வாங்கிய வண்டிக்குப் பரிசு. அங்கே கண்ணைக் கவரும் நிறமும், குழந்தைகள் ஓடிவந்து நிற்கிற மாதிரியான தோற்றமும் ஜெயிக்கும். சில இடங்களில் ஒவ்வொரு பாகத்துக்கும் மதிப்பெண் உண்டு. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, குறை கண்ட இடத்தில் கழித்துக்கொண்டே போவார்கள். இன்னும் சில இடங்களில் தாளே கிடையாது. வண்டியின் அழகு, வரலாறு, வடிவமைப்பில் அதற்குள்ள இடம் ஆகியவற்றைப் பார்த்து நடுவர் குழு பேசி முடிவெடுக்கும். இதைப் பிரெஞ்சு முறை என்பார்கள்.

ஒரே வண்டி முதல் வகையில் முதல் பரிசும் இரண்டாவது வகையில் வெறுங்கையுமாகத் திரும்பலாம். அதில் முரண் எதுவும் கிடையாது. பெயர் கொடுப்பதற்கு முன்னால் எந்த முறை என்று கேட்டுவிடுங்கள். மதிப்பெண் தாள் உண்டென்றால் அதன் வெற்றுப் பிரதி ஒன்றை வாங்கி, வீட்டிலேயே உங்கள் வண்டிக்கு நீங்களே மதிப்பெண் போட்டுப் பாருங்கள்.

'கான்கூர்' என்கிறார்களே, அது என்ன?

பிரெஞ்சில் 'கான்கூர் தெலெகான்ஸ்' என்றால் நேர்த்திப் போட்டி. பாரிஸ் பூங்காக்களில் பணக்காரர்கள் குதிரை வண்டியில் அலங்காரமாக உலா வந்த வழக்கத்திலிருந்து முளைத்தது. கார் வந்தபின் அது பாடி கட்டும் கம்பெனிகளின் மேடையாக மாறியது. அந்தக் காலத்தில் சேஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, ஒருவர் செய்வார், பாடியை இன்னொருவர் கட்டுவார். யார் கட்டிய பாடி அழகு என்பதுதான் போட்டி. இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் வில்லா தெஸ்தே போட்டி 1929-இல் தொடங்கியது. 1949-இல் அங்கே பார்வையாளர்களின் ஓட்டில் பரிசு வாங்கிய ஆல்ஃபா ரோமியோ 6சி 2500-க்கு அந்த இடத்தின் பெயரே நிலைத்துவிட்டது. இன்றும் அந்தக் காரை 'வில்லா தெஸ்தே' என்றுதான் அழைக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அப்போது போட்டிக்கு வந்தவை புத்தம்புதுக் கார்கள். அமெரிக்காவில் பெபிள் பீச் போட்டி 1950-இல் ஆரம்பித்தபோதும் முதல் பரிசு பெற்றது அந்த வருடத்து எட்வர்ட்ஸ் ஆர்-26 தான். 1955-இல் ஃபில் ஹில், தன் குடும்பத்தில் இருந்த 1931 பியர்ஸ்-ஆரோவைச் சீர்செய்து கொண்டுவந்து ஜெயித்தார். பின்னால் 1961-இல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனாரே, அதே ஃபில் ஹில். பழைய வண்டியைச் சீர்செய்து நிறுத்தினால் அதுவே போட்டியின் உச்சம் ஆகலாம் என்ற எண்ணம் அங்கே அன்றுதான் வேர்விட்டது.

மதிப்பெண்ணைக் கூட்டுகிறார்களா, கழிக்கிறார்களா?

கழிக்கிறார்கள். களத்துக்குள் நுழையும்போது உங்கள் வண்டிக்கு முழு மதிப்பெண் உண்டு. குறை கண்ட இடத்தில் எல்லாம் அது இறங்கும்.

முழு மதிப்பெண் எத்தனை என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறும். 1952-இல் தொடங்கிய அமெரிக்க கிளாசிக் கார் கிளப்பில் 100. 1935-இல் தொடங்கிய அமெரிக்கப் பழங்கால வாகன சங்கமான ஏ.ஏ.சி.ஏ.வில் 400. கார்வெட் கார்களுக்கென்றே 1974-இல் உருவான என்.சி.ஆர்.எஸ். சங்கத்தில் 4510! அங்கே ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு தடவை எடைபோடுவார்கள்: இது அசலா, இது எந்த நிலையில் இருக்கிறது. பம்பர் அசலாக இருந்து கீறல் விழுந்திருந்தால் நிலைக்கு மட்டும் குறையும், அசலுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடும். பளபளக்கும் புது நகல் பம்பர் என்றால் நேர்மாறு. எனக்குத் தெரிந்து மிக நியாயமான முறை இதுதான். அங்கே 94 சதவீதமும் அதற்கு மேலும் வாங்கினால் 'டாப் ஃப்ளைட்'. மற்றவர்களோடு போட்டி கிடையாது; எட்டியவர்கள் எல்லோருக்கும் அந்தத் தகுதி உண்டு.

கழிக்கும் முறையில் நடுவரின் வேலை குறை தேடுவதாகவே ஆகிவிடுகிறதே என்று சிலர் வருத்தப்படுவார்கள். உண்மைதான். ஆனால் இதில் ஒரு பாதுகாப்பு உண்டு. நடுவருக்கு ஒரு வண்டி பிடித்துப்போய்விட்டது என்பதற்காக அவர் மதிப்பெண்ணை ஏற்ற முடியாது. கழித்த ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியாக வேண்டும்.

'அசல் நிலை' என்றால் எந்த நாளின் நிலை?

இதற்கும் சங்கத்துக்குச் சங்கம் பதில் வேறு. ஏ.ஏ.சி.ஏ.வின் அளவுகோல்: அந்தக் காரை விற்பனையாளர் சுத்தம் செய்து, தயார்ப்படுத்தி, வாங்கியவர் கையில் சாவி கொடுத்திருக்கக்கூடிய நிலை. என்.சி.ஆர்.எஸ். இன்னும் ஒரு படி பின்னால் போகிறது: தொழிற்சாலையில் கடைசி வேலை முடிந்து வெளியே வந்த நிலை. அதாவது, அன்று தொழிலாளி அவசரத்தில் விட்ட பிசிறும் அசலில் சேர்த்தி. சேஸியின் அடிப்பக்கம் அந்தக் காலத்தில் பெயின்ட் தெறித்து ஒழுங்கில்லாமல் இருந்ததென்றால் இன்றும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதைக் கண்ணாடி மாதிரி இழைத்து மினுக்கி வைத்தால் மதிப்பெண் குறையும்.

பலருக்கு ஜீரணிக்க முடியாத இடம் இதுதான். அதிகப்படியான சீரமைப்பும் குறைதான். பிறந்தபோது இருந்ததைவிட அழகாக ஆக்கிவிட்டால், அது வேறு வண்டி.

காலத்துக்குப் பொருந்தாததை நடுவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

சின்ன விஷயங்களை வைத்துத்தான்.

ஸ்க்ரூவில் ஆரம்பிப்போம். கூட்டல் குறி போலத் தலையில் வெட்டுள்ள பிலிப்ஸ் ஸ்க்ரூ கார் தொழிற்சாலைக்குள் வந்ததே 1930களின் நடுவில். 1928-இல் செய்த வண்டியின் கதவுப் பலகையில் அது ஒன்று எட்டிப் பார்த்தால் போதும், பின்னால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அதன்பிறகு நடுவர் அந்தப் பக்கம் முழுவதையும் டார்ச் அடித்துப் பார்ப்பார்.

அடுத்து முலாம். கார்களில் குரோம் பரவலானது 1920களின் பின்பகுதியில்தான். அதற்கு முன்னால் நிக்கல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குரோமில் லேசான நீலம் ஓடும். நிக்கலில் ஒரு மங்கிய மஞ்சள், வெயில் பட்ட பால் போல ஒரு கதகதப்பு. 1922-இன் ரேடியேட்டருக்குக் குரோம் போட்டுப் பளீரென்று கொண்டுவந்து நிறுத்தினால், உரிமையாளர் பெருமையாகத் துடைத்துக்கொண்டிருக்கும் அதே இடத்தில்தான் கழிவும் விழும்.

ஃபோர்டு மாடல் டி எல்லோருக்கும் தெரிந்த வண்டி. அது கறுப்பில் மட்டும்தான் வந்தது என்று சொல்வார்கள். அது பாதிதான் சரி. கறுப்பு மட்டும் என்ற காலம் 1914 முதல் 1925 வரை. அதற்கு முன்னும் பின்னும் வேறு நிறங்கள் உண்டு. ஆகவே 1912 மாடலைக் கறுப்பில் நிறுத்தினாலும் கேள்வி வரும், 1920 மாடலைச் சிவப்பில் நிறுத்தினாலும் கேள்வி வரும். பித்தளை ரேடியேட்டரும் அப்படித்தான். 1917 மாடல் வந்தபோதே அது போய்விட்டது. 1922 வண்டியில் பித்தளை மின்னுவது கண்ணுக்கு அழகு, வரலாற்றுக்குப் பிழை.

ஜாகுவார் இ-டைப் 1961-இல் வந்தது. முதல் சில நூறு வண்டிகளில் பானெட் பூட்டைத் திறக்க வெளியே நின்று சாவி போட வேண்டும். பிறகு அது வண்டிக்குள்ளே போய்விட்டது. அதனால் வருடத்தை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது, வரிசையில் எத்தனையாவது வண்டி என்பதும் முக்கியம்.

இதெல்லாம் மற்றவர்கள் வண்டி. என் வண்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1955 மோரிஸ் மைனர். அந்தக் காலத்து மைனரில் இன்டிகேட்டர் விளக்கு மின்னாது. திரும்பும் பக்கத்தில், கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். உள்ளே விளக்கு எரியும். ட்ராஃபிகேட்டர் என்பார்கள். 1961-இல்தான் மின்னும் விளக்குகள் வந்தன. என் வண்டியில் மின்னும் விளக்குகள்தான் இருந்தன, அவை அசல் என்றே நானும் நினைத்திருந்தேன். நடுவராக வந்த பெரியவர் தூணை ஒட்டினாற்போல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் பெயின்ட் மேல் வழுக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் மட்டும் லேசாக அலையடித்தது. அரை ஜாண் நீளத்துக்கு ஒரு மேடு; கண்ணுக்குத் தெரியாத மேடு, வெளிச்சத்துக்குத் தெரிந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ ட்ராஃபிகேட்டரைக் கழற்றி, குழியைத் தகடு வைத்து அடைத்து, பட்டி பார்த்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். "தம்பி, இந்தத் தூணுக்குள்ள ஒரு கை இருந்திருக்கணுமே" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். அந்தக் குழியை மறுபடி திறந்து ஒரு ஜோடி ட்ராஃபிகேட்டர் தேடிப்பிடித்து மாட்ட எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. முதல்முறை ஸ்விட்சைத் திருப்பி அது 'டக்' என்று எழுந்து நின்றபோது கண் கலங்கிவிட்டது.

என்ஜின் நம்பர் பொருந்த வேண்டும் என்கிறார்களே, எந்த அளவுக்கு?

தொழிற்சாலையில் அந்த சேஸியில் ஏற்றிய அதே என்ஜின், அதே கியர்பாக்ஸ் இப்போதும் இருக்கிறதா என்பதே கேள்வி. சேஸி நம்பர், என்ஜின் நம்பர், பாடி நம்பர், தொழிற்சாலைப் பதிவு ஆகிய எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். வார்ப்பில் உள்ள தேதிக் குறியும் ஒரு சாட்சி. வண்டி மார்ச்சில் முடிந்து, என்ஜின் வார்ப்பில் அதே வருடத்து ஜூன் என்று இருந்தால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. கண்ணாடி மூலையில் இருக்கும் சிறு குறிகளும் தயாரித்த காலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நம்பரை அழித்துவிட்டுப் புதிதாகக் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். குத்திய எழுத்தின் வடிவமும் இடைவெளியும் ஒரு தடயம். என்ஜின் மேற்பரப்பில் தொழிற்சாலை எந்திரம் விட்டுப்போன மெல்லிய இணைகோடுகள் இன்னொரு தடயம். பரப்பை மறுபடி இழைத்தால் அவை மறைந்துவிடும். அனுபவப்பட்ட நடுவர் எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்தக் கோடுகளைத்தான் பார்ப்பார். என்ஜின் மாறியிருந்தால் மாறியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாற்று என்ஜினோடு நேர்மையாக வந்த வண்டிக்கு மதிப்பெண்தான் குறையும். போலி நம்பரோடு பிடிபட்டால் உங்கள் சொல்லுக்கே மதிப்பு போய்விடும்.

சீர்செய்யாத வண்டியைக் கொண்டுவரலாமா? பெயின்ட் உரிந்திருக்கிறது, சீட் கிழிந்திருக்கிறது.

தாராளமாகக் கொண்டுவாருங்கள். தயவுசெய்து அதற்கு முன்னால் பெயின்ட் அடித்துவிடாதீர்கள்!

ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் வேறாக இருந்திருக்கும். இன்று சீர்செய்யாமல் காப்பாற்றி வைத்த வண்டிகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஏ.ஏ.சி.ஏ. 1987-லேயே அசல் அம்சங்களைப் பாதுகாத்த வண்டிகளுக்கென்று ஒரு பிரிவைத் திறந்தது. 1966-இல் உருவான, பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவா, 30 வயதைத் தாண்டிய, வரலாற்றுக்குப் பொருந்தப் பராமரித்த, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தாத வண்டியை மரபுச் சொத்தாகப் பார்க்கிறது. அதன் டுரின் சாசனம் சொல்வதன் சாரம்: முடிந்தவரை பழைய பொருளை அப்படியே வை, தேவையான அளவுக்கு மட்டும் கை வை, வைத்த கையின் தடத்தை மறைக்காதே.

2024-இல் பெபிள் பீச்சில் ஒட்டுமொத்த முதல் பரிசு 1934 புகாட்டி டைப் 59-க்குப் போனது. பந்தயத்துக்குப் பிறந்து, பின்பு பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டின் கைக்குப் போன வண்டி. கறுப்பு பெயின்ட் வெடித்து, தேய்ந்து, அங்கங்கே உரிந்து, அப்படியே நின்றது. பாதுகாப்புப் பிரிவிலிருந்து, அதாவது சீர்செய்யாமல் காப்பாற்றிய வண்டிகளின் பிரிவிலிருந்து, வந்த ஒரு வண்டி அங்கே ஒட்டுமொத்தப் பரிசு வாங்கியது அதுவே முதல்முறை. 1950-இலிருந்து நடக்கும் போட்டியில் அதற்கு இத்தனை வருடம் பிடித்தது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு அது மிகப் பெரிய நாள்.

பழைய பெயின்டை உரித்தவுடன் போவது நிறம் மட்டும் கிடையாது. அதை எத்தனை பூச்சு அடித்தார்கள், அடியில் என்ன பிரைமர், தூரிகையா ஸ்ப்ரேயா, எங்கே கை ஓய்ந்தது என்ற தகவலும் சேர்ந்து போகிறது. நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் வருவதற்கு முன்னால், 1920களின் தொடக்கம் வரை, ஒரு வண்டிக்குப் பெயின்ட் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். அப்படி அடித்த பூச்சு இன்று ஒரு வண்டியில் மிச்சம் இருக்கிறதென்றால், அதைச் சரியாகச் சீர்செய்ய நினைக்கிற மற்ற எல்லோருக்கும் அதுதான் பாடப்புத்தகம்.

ஆனால் ஒன்று. பாதுகாப்பு வேறு, கவனிப்பின்மை வேறு. துருவைத் துடைக்காமல், எலி கடித்த ஒயரை அப்படியே விட்டு, "இதெல்லாம் அசல்" என்று சொல்வதை எந்த நடுவரும் ஏற்கமாட்டார்.

பாதி பழசு, பாதி புதுசாக இருந்தால்?

பிரிவைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளியே மறுபெயின்ட், உள்ளே அசல் சீட் என்றால் சில சங்கங்களில் பாதுகாப்புப் பிரிவிலேயே இடம் உண்டு. எத்தனை பங்கு அசல் இருக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருப்பார்கள். குழப்பமாக இருந்தால் பதிவு செய்யும்போதே படங்களை அனுப்பிக் கேளுங்கள்.

சீட் பெல்ட், ரேடியல் டயர், ஹாலஜன் விளக்கு மாட்டியிருக்கிறேன். குறையுமா?

உயிர் சம்பந்தப்பட்டவற்றுக்கு, குறிப்பாக சீட் பெல்ட்டுக்கு, பல சங்கங்கள் விலக்குத் தருகின்றன. டயருக்குத் தரமாட்டார்கள். மிஷெலின் ரேடியல் விற்பனைக்கு வந்ததே 1949-இல். 1935 வண்டியில் அதைப் போட்டால் நிச்சயம் கழியும். மூடிய ஒற்றைக் கூடாக வரும் சீல்டு பீம் ஹெட்லைட்டும் 1940 மாடல்களோடு வந்தது. தினசரி ஓட்ட ஒரு செட், கண்காட்சிக்கு ஒரு செட் என்று டயர் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், ஓடும் வண்டிக்கு நல்ல பிடிப்புள்ள டயர்தான் முக்கியம். சில மதிப்பெண் போனால் போகட்டும்.

களத்தில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் மூன்று பேர் வருவார்கள். ஒருவர் வெளித்தோற்றம், ஒருவர் உள்பக்கம், ஒருவர் என்ஜினும் அடிப்பக்கமும் எனப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம் முதல் இருபது நிமிடம் கிடைக்கும். வண்டியை அவர்கள் தொடமாட்டார்கள். கதவு, பானெட், டிக்கி எல்லாவற்றையும் உங்களைத்தான் திறக்கச் சொல்வார்கள். பல போட்டிகளில் என்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள், ஹாரன், வைப்பர், எல்லா விளக்கும் வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் கிட் கேட்பார்கள். இங்கே நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். லட்சணமாகச் சீர்செய்த வண்டியின் டிக்கியைத் திறந்தால் நேற்று வாங்கிய ஸ்பானர் செட் கிடக்கும்.

நடுவரிடம் எவ்வளவு பேசலாம்?

முதல் இரண்டு நிமிடம் உங்களுடையது. வண்டி எந்த வருடம், உங்கள் கைக்கு எப்படி வந்தது, எதைச் சீர்செய்தீர்கள், எதைத் தொடவில்லை, வழக்கத்துக்கு மாறாக என்ன இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். உங்கள் வண்டியில் விற்பனையாளர் பொருத்திய ஒரு அபூர்வமான விளக்கு இருந்து, நடுவருக்கு அது தெரியாவிட்டால் அவர் கழித்துவிடுவார். அதற்கான பழைய விலைப்பட்டியலையோ விளம்பரத்தாளையோ எடுத்துக் காட்டினால் கழிக்கமாட்டார். அதற்குப் பிறகு அமைதியாக நில்லுங்கள். செலவான தொகையைச் சொல்லாதீர்கள். பக்கத்து வண்டியின் குறையைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

என்னென்ன ஆதாரம் கொண்டுபோக வேண்டும்?

தொழிற்சாலைப் பதிவின் நகல், பழைய ரசீதுகள், முன்பு வைத்திருந்தவர்களின் புகைப்படங்கள், சீரமைப்பின்போது எடுத்த படங்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்பில், காலவரிசையில் வையுங்கள். கழற்றுவதற்கு முன் எடுத்த படம்தான் இதில் தங்கம். அடியில் கிடைத்த பழைய நிறத்தின் துணுக்கையோ சீட்டுக்கடியில் கிடைத்த பழைய துணியின் ஓரத்தையோ பத்திரப்படுத்தி வைத்திருந்தால், அதுவும் சாட்சி சொல்லும்.

முந்தின நாள் எப்படிச் சுத்தம் செய்வது?

தூசி, விரல்தடம், எண்ணெய்க் கசிவு. இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டால் முக்கால்வாசி முடிந்தது. கதவின் கீழ்விளிம்பு, பெடலின் பின்பக்கம், ஆஷ்ட்ரேயின் உள்பக்கம் ஆகியவை மறந்துபோகும் இடங்கள். டயருக்கும் டேஷ்போர்டுக்கும் அந்த ஈரப் பளபளப்புத் திரவத்தைப் பூசாதீர்கள். எந்தப் பழைய ரப்பரும் அப்படி மின்னியதில்லை. அசல் பெயின்ட் என்றால் பாலிஷ் எந்திரத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு பாலிஷும் ஒரு மெல்லிய ஏட்டை எடுத்துக்கொண்டே போகும். விளிம்புகளில் பிரைமர் எட்டிப் பார்த்தால் ஏற்கெனவே நிறையப் போயிருக்கிறது.

விலை அதிகமான வண்டிதான் எப்போதும் ஜெயிக்குமா?

பிரிவுக்குள் இல்லை. ஒரே காலம், ஒரே வகை வண்டிகளைத்தான் ஒன்றோடொன்று வைப்பார்கள்; சிறிய குடும்ப வண்டி அதன் வகையறாவோடுதான் போட்டியிடும். அங்கே மதிப்பெண் தாள்தான் பேசும்.

ஒட்டுமொத்த முதல் பரிசில் கதை மாறும் என்பதை மறைப்பதற்கில்லை. பிரிவுகளில் வென்ற வண்டிகளை வரிசையில் நிறுத்தி நடுவர்கள் ஓட்டுப் போடும்போது நீளமான பானெட்டும் அபூர்வமான பாடியும் கண்ணை இழுக்கத்தான் செய்யும். பெபிள் பீச்சில் பல பத்தாண்டுகள் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பெரிய வண்டிகளே வென்றன. 2014-இல் 1954 ஃபெராரி 375 எம்.எம். அந்த வரிசையை உடைத்தது. ஃபெராரி ஒன்று அங்கே ஒட்டுமொத்தப் பரிசு வாங்கியதும் அதுதான் முதல்முறை. எளிய வண்டிகளுக்கு அந்த மேடையில் இன்னும் நியாயம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. அன்றாட வண்டிகளைத்தான் ஓட்டித் தீர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அப்படி ஒன்று முழுசாகத் தப்பியிருப்பது, பொத்திப் பொத்தி வைத்த ராஜா வண்டி தப்பியதைவிட எனக்குப் பெரிய அதிசயமாகப் படுகிறது.

ஓடாமல் டிரெய்லரில் வரும் வண்டிக்குப் பரிசு கொடுப்பது சரியா?

பெரும்பாலான போட்டிகளில் வண்டி தன் சொந்த பலத்தில் களத்துக்குள் வர வேண்டும். பெபிள் பீச்சில் இன்னும் ஒரு நல்ல விதி உண்டு. போட்டிக்கு முன்னால் சாலையில் ஒரு உலா நடக்கும். பிரிவில் இரண்டு வண்டிகள் சம மதிப்பெண் வாங்கினால் உலாவை ஓட்டி முடித்த வண்டிக்கே பரிசு. ஓடுகிற வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது வரும் சூடும் வாசனையும்கூட அசலில் சேர்த்திதானே?

நடுவர் தவறு செய்தால்?

செய்வோம். மனிதர்கள்தானே. ஆத்திரப்படாமல் தலைமை நடுவரிடம் போய், ஆதாரத்தை நீட்டிக் கேளுங்கள். பரிசை அறிவிப்பதற்கு முன்னால் கேட்பதுதான் பலன் தரும். தன் வண்டியோ நெருங்கிய நண்பரின் வண்டியோ, தான் விற்ற அல்லது சீர்செய்த வண்டியோ வரிசையில் இருந்தால் அந்தப் பிரிவிலிருந்து நடுவர் தானே விலகிக்கொள்ள வேண்டும். விலகவில்லை என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

மாற்றியமைத்த வண்டிகளுக்கு இடமே இல்லையா?

தனிப் பிரிவு உண்டு. அங்கே அளவுகோல் கைவேலையின் தரம்: வெல்டிங் எப்படி, பேனல்களின் இடைவெளி சீராக ஓடுகிறதா, ஒயரிங் ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா, ஒட்டுமொத்த யோசனையில் ஒரு இசைவு இருக்கிறதா. இன்னொன்று: அந்தக் காலத்திலேயே, பந்தயத்துக்காகவோ வேறு தேவைக்காகவோ செய்த மாற்றம் வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதி. அதை அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோவதுதான் சேதம்.

நடுவராக விரும்புகிறேன். எங்கே ஆரம்பிப்பது?

ஒரே ஒரு மாடலில் ஆரம்பியுங்கள். அதன் பழைய பாகப் பட்டியல், ரிப்பேர் கையேடு, விளம்பரத்தாள் எல்லாவற்றையும் தேடிப் படியுங்கள். தொடாத அசல் வண்டி எங்கே இருந்தாலும் போய் மண்டியிட்டு அடியில் பாருங்கள். பிறகு சங்கத்தில் பெயர் கொடுத்து, பயிற்சி வகுப்பு இருந்தால் சேர்ந்து, குறிப்பெழுதுபவராக இரண்டு மூன்று பருவம் நடந்து பாருங்கள். வெயிலில் நாள் முழுக்க நிற்க வேண்டும். கையில் சின்ன டார்ச் வேண்டும். பெல்ட் பக்கிளும் மோதிரமும் வண்டிப் பக்கம் போகக் கூடாது.

பரிசு கிடைக்கவில்லை. மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கலாமா?

கேளுங்கள். பல சங்கங்கள் தருகின்றன. தராத இடத்திலும் நடுவரிடம் பேச நேரம் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். என்னிடம் அந்த மோரிஸின் முதல் தாள் இன்னும் இருக்கிறது. ட்ராஃபிகேட்டர் வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் 'தூண், இரு பக்கமும்' என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் பதினோரு வரிகள். ஒன்பதைச் சரிசெய்துவிட்டேன். வைப்பர் கையும், பின்சீட்டின் ஓரத் தையலும் பாக்கி.